கேட்ட நேரமும் கேட்ட விதமும்: பெண்கள், கர்ப்பம் பற்றிய ஆய்வுகளில் தகவல் சாய்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு அது வரும்" என்ற மாதிரி செய்திகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அவதானிப்பு ஆய்வுகள். அதாவது, யாருக்கும் எதையும் கொடுத்துச் சோதிக்காமல், நடந்ததைக் கேட்டும் குறித்தும் வைத்துக்கொண்டு முடிவு தேடுபவை. ஆபத்தாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் பொருளைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது, கூடாது. ஆகவே பல கேள்விகளுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. வேறு வழியில்லாததாலேயே கேட்பதை ஒழுங்காகக் கேட்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகள் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்காகக் கேள்வித்தாளோடு தாய்மார்களுக்கு எதிரே உட்கார்ந்தவள் நான். அப்போதிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருக்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

தகவல் சாய்வு என்றால் என்ன?

ஒருவரைப் பற்றி ஆய்வில் எழுதி வைத்தது நிஜத்தோடு பொருந்தாமல் போய், அதனால் முடிவும் திசைமாறுவது. மாத்திரை சாப்பிட்டவர் "சாப்பிடவில்லை" என்ற கட்டத்தில் விழுகிறார். 36 வாரத்தில் பிறந்த குழந்தை 38 வாரக் குழந்தையாகப் பதிவாகிறது. கருச்சிதைவு ஆன பெண், கர்ப்பமே ஆகாதவராக எண்ணப்படுகிறார். ஒவ்வொன்றும் சின்னப் பிழைதான். ஆனால் பிழைகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்துவிட்டால், தராசுத் தட்டு ஒருபுறம் இறங்குவதுபோல் விடையும் இறங்கிவிடுகிறது.

லட்சம் பேரைச் சேர்த்தால் இந்தப் பிழை கரைந்துவிடாதா?

கரையாது. தற்செயலாக வரும் ஏற்ற இறக்கம்தான் எண்ணிக்கை கூடக்கூட அடங்கும். ஐந்து கிலோ குறைத்துக் காட்டும் எடைமேடையில் பத்துப் பேரை நிறுத்தினாலும் லட்சம் பேரை நிறுத்தினாலும் ஐந்து கிலோ குறைவாகத்தான் காட்டும். லட்சம் பேரை நிறுத்தியபின் அந்தத் தவறான எண்ணை நாம் இன்னும் உறுதியாக நம்புவோம், அவ்வளவுதான். "இவ்வளவு பெரிய ஆய்வு" என்ற வார்த்தைக்கு மயங்கும்போதெல்லாம் எனக்கு இந்த எடைமேடை ஞாபகம் வரும்.

எல்லாரும்தான் மறக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறந்தால் பரவாயில்லையா?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம்.

பிறவிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார் 100 பேர், ஆரோக்கியமான குழந்தைகளின் தாய்மார் 100 பேர். இரு தரப்பிடமும் பிரசவத்துக்குப் பின் ஒரு மருந்தைப் பற்றிக் கேட்கிறோம். இதைக் கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு என்பார்கள்.

முதல் நிலைமை: மருந்துக்கும் குறைபாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது. முதல் தரப்பில் 40 பேரும் இரண்டாம் தரப்பில் 20 பேரும் அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டவரைச் சாப்பிடாதவரால் வகுத்தால் 40/60, 20/80. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.67. இதுதான் ஆட்ஸ் விகிதம். 1 என்று வந்தால் தொடர்பில்லை என்று பொருள். இப்போது இரு தரப்பிலும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். 20/80, 10/90 ஆகிறது. விகிதம் 2.25. உண்மை கொஞ்சம் மங்கிவிட்டது.

இரண்டாம் நிலைமை: தொடர்பே இல்லை. இரு தரப்பிலும் 20 பேர்தான் சாப்பிட்டார்கள். விகிதம் 1. ஆனால் குறைபாடுள்ள குழந்தையின் தாய் ஒவ்வொருவரும் யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார். மற்ற தரப்பில் பாதிப் பேருக்கு அது நினைவிலேயே இல்லை. 20/80, 10/90. விகிதம் 2.25.

இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு எண்கூட மாறவில்லை. ஒன்றில் மருந்து குற்றவாளி, மற்றதில் நிரபராதி. ஆய்வாளர் கையில் இருக்கும் தாளை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல யாராலும் முடியாது. யாரிடம், எப்போது, எப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் சொல்லத் தொடங்கலாம்.

இரு தரப்பிலும் பிழை ஒரே அளவில் இருந்தால் விகிதம் 1-ஐ நோக்கி நகரும் என்பது பொதுவான விதி. ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள் இருக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான். அதையே சாக்காக வைத்து, "பிழை இருந்தும் தொடர்பு தெரிகிறது, அப்படியானால் உண்மை இதைவிடப் பெரிது" என்று எழுதுபவர்கள் உண்டு. இது ஆபத்தான வாதம். "இல்லை, குறைவு, அதிகம்" என மூன்று படிகள் வந்துவிட்டாலே நடுப்படியின் எண் எந்தப் பக்கமும் போகலாம். பிழை ஒரே அளவுதானா என்பதையும் யாராவது சரிபார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தாய்மார்கள் பொய் சொல்கிறார்கள் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற பெண் அந்த ஒன்பது மாதத்தையும் மனதுக்குள் நூறு முறை ஓட்டிப் பார்த்திருப்பார். எந்த நாள் வழுக்கி விழுந்தேன், எந்த நாள் காய்ச்சல் வந்தது, யார் கொடுத்த மாத்திரை. நாம் கேள்வித்தாளோடு போய் நிற்பதற்கு வெகு முன்பே அவர் தன்னைத்தானே விசாரித்து முடித்திருப்பார். ஆரோக்கியமான குழந்தையைக் கையில் வைத்திருப்பவருக்கு அப்படித் தோண்ட ஒரு காரணமும் இல்லை. இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் தேடியிருக்கிறார், மற்றவர் தேடவில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் நினைவுகூரல் சாய்வு.

மறதியில் இன்னொரு வகை உண்டு. அது கேட்கும் சொல்லிலேயே ஒளிந்திருக்கும். ஒரு தாயிடம் நான் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"முதல் மூணு மாசத்துல ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா அக்கா?"

"இல்லம்மா, ஒண்ணும் இல்ல."

"தலைவலி, சளி, தூக்கம் வரலைன்னு ஏதாவது?"

"தலைவலிக்கு அப்பப்ப ஒரு மாத்திரை போடுவேன். அதைப் போயி மருந்துன்னு சொல்வாங்களா?"

முதல் கேள்வியோடு நான் எழுந்திருந்தால் அவர் "இல்லை" கட்டத்தில் உட்கார்ந்திருப்பார். தவறு அவருடையதாகவா இருந்திருக்கும்?

தாலிடோமைட் கதையிலும் இதே திருப்பம் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விடுகுண்ட் லென்ஸ் என்ற குழந்தை மருத்துவர், 1961-ல் கைகால் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கர்ப்ப காலத்தைப் பற்றி விசாரித்தார். முதல் சுற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் கான்டர்கன் என்ற பெயரில் விற்ற தாலிடோமைட் தூக்க மாத்திரையைக் குறிப்பிட்டார்கள். சந்தேகம் தட்டியதும் அவர் திரும்பப் போய் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லியே கேட்டார். எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியைத் தொட்டது. எழுதித் தரும் அளவுக்கு அது ஒரு பெரிய மருந்தாகவே தோன்றவில்லை என்று பல தாய்மார் சொன்னார்கள். அந்த மாத்திரை அவ்வளவு சாதுவானது என்று விளம்பரம் செய்து விற்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் அது விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

பெயரைச் சொல்லி, படத்தைக் காட்டி, நோய்க்குறியைச் சொல்லிக் கேட்டால் பதில் கூடும் என்ற பாடம் இதில் இருக்கிறது. எச்சரிக்கை ஒன்றும் கூடவே இருக்கிறது: ஒரு தரப்பிடம் மட்டும் அப்படித் துருவிக் கேட்டால் அதுவே புதிய சாய்வு. எத்தனை முறை, எந்தச் சொல்லில் கேட்கிறோமோ அதை இரு தரப்பிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். கேட்பவருக்கு எதிரே இருப்பவர் எந்தத் தரப்பு என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

உலக அளவில் ஆய்வுகளைத் தவறான பாதையில் கொண்டுபோன உதாரணம் உண்டா?

உண்டு. கருக்கலைப்பு செய்துகொண்டால் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற நம்பிக்கை.

பல கேஸ்-கன்ட்ரோல் ஆய்வுகளில் அப்படித்தான் தெரிந்தது. புற்றுநோய் வந்த பெண்களிடமும் வராத பெண்களிடமும் "எப்போதாவது கருக்கலைப்பு செய்திருக்கிறீர்களா" என்று கேட்டார்கள். நோய் வந்தவர், தன் மருத்துவ வரலாற்றில் எதையும் மறைக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சொல்லிவிடுகிறார். ஆரோக்கியமாக இருப்பவருக்கு, அறிமுகமில்லாத ஒருவரிடம் இதைச் சொல்ல என்ன கட்டாயம்? ஸ்வீடனில் பெண்களின் நேர்காணல் பதில்களை அரசுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 1991-ல் ஓர் ஆய்வு வெளியானது. பதிவேட்டில் இருக்கும் கருக்கலைப்பை நேர்காணலில் சொல்லாமல் விட்டது ஆரோக்கியமான பெண்கள் தரப்பில்தான் அதிகம். அந்த ஒப்பீட்டின் விவரங்களைப் பற்றி அப்போது கடுமையான வாதங்கள் நடந்தன.

பிறகு டென்மார்க்கில் யாரையும் கேட்காமலேயே பார்த்தார்கள். ஏறத்தாழ 15 லட்சம் பெண்களின் கருக்கலைப்புப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் இணைத்த அந்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. கருக்கலைப்புப் பதிவு நோய்க்கு முன்பே எழுதப்பட்டது. நோயால் அது மாற வழியில்லை. ஒப்பீட்டு அபாயம் 1.00, அதாவது செய்துகொண்டவருக்கும் செய்துகொள்ளாதவருக்கும் அபாயம் ஒன்றே.

2004-ல் 16 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்து, மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 83,000 பெண்களின் தரவு மறுபடி அலசப்பட்டது. இந்த முறை அவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தகவல் நோய்க்கு முன்பே பதிவான ஆய்வுகளில் அபாயம் 0.93. நோய் வந்த பிறகு கேட்ட ஆய்வுகளில் 1.11. ஆராய்ந்தது ஒரே விஷயம்தான், கேட்ட நேரம் மட்டும் வேறு. பதில் 1-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிட்டது. கருக்கலைப்பு அந்தப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதில்லை என்பதே அவர்கள் வந்த முடிவு.

நோயோடு போராடிக்கொண்டிருந்த எத்தனை பெண்கள் இது தன்னால் வந்ததோ என்று நினைத்திருப்பார்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. எனக்கு அதுதான் தாங்க முடியாத பகுதி.

புகை, மது பற்றிக் கேட்டால் உண்மை வருமா?

ஓரளவுதான் வரும். கர்ப்பிணி புகைபிடித்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதும் மறைப்பதும் நடக்கிறது. ஆகவே நிக்கோட்டின் உடலில் உடைந்து உருவாகும் கோட்டினின் என்ற பொருளை ரத்தத்திலோ உமிழ்நீரிலோ சிறுநீரிலோ அளக்கிறார்கள்.

இங்கே சில ஆய்வாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள்: ரத்தம் பொய் சொல்லாதே! ஆனால் கர்ப்பத்தில் உடல் கோட்டினினை வெளியேற்றும் வேகம் கூடிவிடுகிறது. மற்ற நேரத்தில் பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம் ஆகும் என்றால் கர்ப்பத்தில் சுமார் 9 மணி நேரம் போதும். மற்றவர்களுக்கு வைத்த அதே எல்லைக்கோட்டைக் கர்ப்பிணிக்கும் வைத்தால், புகைக்கும் சிலர் புகைக்காதவராகத் தெரிவார்கள். அதோடு, இந்தச் சோதனை கடந்த சில நாட்களை மட்டுமே பார்க்கும். ஆறாவது வாரத்தில் என்ன நடந்தது என்று முப்பதாவது வாரத்து ரத்தத்திடம் கேட்க முடியாது.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பதிலை மாற்றுமா?

மாற்றும். கணவரோ மாமியாரோ அதே அறையில் இருக்கும்போது, முந்தைய கருக்கலைப்பு, கருத்தடை, வீட்டில் நடக்கும் அடி உதை பற்றிக் கேட்பது வீண் வேலை மட்டுமில்லை. நாம் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. பெண்கள் மீதான வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிமுறைகள் தனிமையில் மட்டுமே கேட்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கின்றன.

அந்த நிறுவனம் 10 நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய உத்தி இருந்தது. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதுண்டா என்பதை வாயால் கேட்டதோடு, கடைசியில் இரண்டு முகங்கள் வரைந்த ஓர் அட்டையும் கொடுத்தார்கள். ஒன்று சிரிக்கும் முகம், ஒன்று அழும் முகம். நடந்திருந்தால் அழும் முகத்தில் குறியிட்டு மூடித் தந்துவிடலாம், கேட்பவருக்குத் தெரியாது. பெரும்பாலான இடங்களில் வாயால் வந்ததைவிட அட்டையில் வந்த எண்ணிக்கை அதிகம். அந்த அழும் முகத்தில் குறியிட்ட பெண், சில நிமிடங்களுக்கு முன் "இல்லை" என்று சொல்லியிருப்பார். அவரைப் பொய் சொன்னவர் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

எல்லாவற்றையும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

மறதி போகும், வேறு பிழை வரும். மருந்துக்கடையில் வாங்கியதாகப் பதிவு இருக்கும். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து அதைத் தொடாமலே வைத்திருப்பார். சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைக்குப் பதிவே இருக்காது.

கர்ப்பத்தில் பாராசிட்டமால் என்ற வலி மாத்திரையை எடுத்தால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா என்று பார்த்த ஸ்வீடன் ஆய்வு நல்ல உதாரணம். 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகள். மொத்தமாகப் பார்த்தபோது மிகச் சிறிய தொடர்பு தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டதும் அது மறைந்தது. 2024-ல் வெளியான இந்த முடிவைப் பெரும் நிம்மதியாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள், எனக்கும் அது வலுவான சான்றாகவே தெரிகிறது. ஆனால் அதில் பாராசிட்டமால் எடுத்ததாகப் பதிவானவர்கள் 7.5 சதவீதம்தான். நேரடியாகக் கேட்கும் ஆய்வுகளில் பல நாடுகளில் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் எடுத்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால் "எடுக்காதவர்" கட்டத்தில் எடுத்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். உடன்பிறந்தோர் ஒப்பீடு குடும்பத்துக்குப் பொதுவான காரணங்களைக் கழித்துவிடும் அருமையான முறை. அளவீட்டுப் பிழையைப் பொறுத்தவரை மட்டும் அது மற்ற முறைகளைவிடப் பலவீனமானது, சின்னப் பிழையிலும் தொடர்பு மங்கும். விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டியது நியாயம். அதற்காகத் தொடர்பு உண்டு என்பவர்கள் வென்றுவிட்டார்கள் என்று ஆகாது. தொப்புள்கொடி ரத்தத்தில் பாராசிட்டமாலை அளந்து தொடர்பு கண்ட ஆய்வும் உண்டு; அந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரமே ஆகும். அது பிரசவ வலியின்போது கொடுத்த மாத்திரையைக் காட்டுமே தவிர ஒன்பது மாதத்தைக் காட்டாது.

நோய் இல்லை என்று பதிவிருந்தால் நோய் இல்லை என்றுதானே பொருள்?

பெண்களின் நோய்களில் இதை நம்பவே கூடாது. கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய், இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நெடுங்காலம் வயிற்றில் துளையிட்டுக் கருவி விட்டுப் பார்த்தால்தான் உறுதி செய்வார்கள். "மாதவிலக்கு என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று திருப்பி அனுப்பப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஏராளம். அந்த ஆண்டுகளிலெல்லாம் அவர்கள் ஆய்வுகளில் "நோயற்றவர்" வரிசையில் நின்றிருக்கிறார்கள். மருத்துவரை அடிக்கடி பார்க்க முடிந்தவர்களுக்கு நோய் அதிகம் இருப்பதாகவும் தெரிந்திருக்கும்.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

காலம் அவ்வளவு நெருக்கமாக ஓடுவதால். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் சில வாரங்களில் எடுத்த மாத்திரையும் எட்டாம் மாதம் எடுத்ததும் ஒன்றல்ல. "கர்ப்பத்தில் எடுத்தீர்களா" என்று மொத்தமாகக் கேட்டால் இரண்டும் ஒரே கட்டத்தில் விழும்.

அந்த வாரக் கணக்கே ஆட்டம் காணக்கூடியது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது வழக்கமான கணக்கு. தேதி நினைவில்லாதவர் உத்தேசமாகச் சொல்வார்; 1, 15 போன்ற தேதிகள் அளவுக்கு அதிகமாக வரும். சுழற்சி நீளமானவருக்குக் கர்ப்பத்தின் வயது கூடுதலாகத் தெரியும். முதல் மூன்று மாத ஸ்கேன் ஒரு வாரத்துக்குள் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த ஸ்கேன் எடுக்க முடிந்த பெண்களும் முடியாத பெண்களும் வேறு வேறு வாழ்க்கை வாழ்பவர்கள் என்பதும் உண்மை.

தொடக்கத்திலேயே கலைந்துபோகும் கர்ப்பங்கள் இன்னொன்று. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்கள் தினமும் சிறுநீர் சேகரித்துக் கொடுத்தார்கள். ஹார்மோனை வைத்துக் கண்டறிந்த 198 கர்ப்பங்களில் 22 சதவீதம், மற்ற வழிகளில் கர்ப்பம் என்று தெரியும் முன்பே கலைந்திருந்தன. "கொஞ்சம் தாமதமாக வந்த மாதவிலக்கு" என்று கடந்து போயிருக்கக் கூடியவை. கேள்வித்தாள் மட்டும் வைத்திருப்பவருக்கு அவை நடந்ததே தெரியாது.

காலம் செய்யும் மாயம் ஒன்றும் உண்டு. கர்ப்பத்தில் தடுப்பூசி போட்டவர்களுக்குக் குறைப்பிரசவம் குறைவு என்று ஒரு கணக்கு வருகிறது என்று வையுங்கள். 29-ஆம் வாரத்தில் பிரசவித்தவருக்கு 32-ஆம் வாரத்தில் ஊசி போட வாய்ப்பே இருந்திருக்காது. ஊசி போடும் வரை கர்ப்பம் நீடித்ததையே ஊசியின் நன்மையாக எண்ணிவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். வாரம் வாரமாக, ஊசிக்கு முந்தைய காலத்தைப் போடாதவர் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது சரியாகும்.

பிறப்பு எடையாவது சரியான எண்தானே?

நல்ல கருவியில், பிறந்தவுடன் அளந்தால் சரி. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்பது சர்வதேச வரையறை. முட்கள் நகரும் தராசில் 2,480 என்பதும் 2,520 என்பதும் சட்டென்று 2,500 ஆகிவிடுகின்றன. பல தரவுகளில் அந்த ஒரே எண்ணில் பெரிய குவியல் நிற்கும். அதை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எடைக்குறைவு விகிதமே மாறும்.

இறப்பில்கூடவா தவறு நேரும்?

நேரும். கர்ப்பத்தின்போதோ அது முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, அதனோடு தொடர்புடைய காரணத்தால் நேர்வது தாய்மை இறப்பு. பல இறப்புகள் தவறிப்போகின்றன என்று அமெரிக்காவில் 2003-ல் திருத்திய மாதிரி இறப்புச் சான்றிதழில் "கர்ப்பமாக இருந்தாரா" என்ற கட்டத்தைச் சேர்த்தார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்று முடிக்க 2017 ஆயிற்று. கட்டம் வந்த மாநிலங்களில் எண்ணிக்கை ஏறியது. முன்பு தவறிப்போனவை பிடிபட்டதும் உண்மை, கர்ப்பமே இல்லாத வயது முதிர்ந்த பெண்களுக்குக் கட்டம் தவறாக டிக் செய்யப்பட்டதும் உண்மை. 2007-க்குப் பிறகு தேசிய விகிதத்தை வெளியிடாமலே வைத்திருந்து, 45 வயதுக்கு மேல் அந்தக் கட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் 2018-க்கான விகிதத்தை வெளியிட்டார்கள்: லட்சம் பிறப்புக்கு 17.4. இடைப்பட்ட காலத்து ஏற்றத்தில் எவ்வளவு நிஜம் என்ற வாதம் ஓயவில்லை. அதைச் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும்: அந்த நாட்டில் கறுப்பினத் தாய்மார் மற்றவர்களைவிட மிக அதிகமாக இறக்கிறார்கள் என்பதைக் கட்டத்தின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் "சாய்வு" என்று சொல்லித் தள்ளிவிடலாமே?

அப்படித் தள்ளப் பார்த்து, பெண்கள் பாதிக்கப்படக்கூடிய நிலை வரை போனதுண்டு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை மட்டும் மருந்தாக எடுத்த பெண்களுக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் அதிகம் என்று 1975-ல் ஆய்வுகள் வந்தன. 1978-ல் ஹார்விட்ஸ், ஃபைன்ஸ்டைன் என்ற இருவர் மறுத்தார்கள்: ஈஸ்ட்ரோஜன் ரத்தப்போக்கை உண்டாக்குகிறது, ரத்தப்போக்கு வந்ததால் பரிசோதிக்கிறார்கள், பரிசோதிப்பதால் ஏற்கெனவே இருந்த புற்றுநோய் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் எப்படியும் வெளிப்பட்டுவிடும். அவர்கள் தேர்ந்தெடுத்த ஒப்பீட்டுப் பெண்களோ, ரத்தப்போக்குப் போன்ற காரணங்களால் பரிசோதனைக்கு வந்தவர்கள். அந்த ரத்தப்போக்கை உண்டாக்கியதே ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம், அதனால் ஒப்பீட்டுத் தரப்பிலும் அதை எடுத்தவர்கள் கூடித் தொடர்பு சிறிதாகத் தெரியும். தொடர்பு உண்மைதான் என்பது பின்னர் உறுதியானது. இன்று கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

சாய்வு என்று குற்றம் சாட்டுபவர் அது எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கும் என்று சொல்லக் கடமைப்பட்டவர். 1971-ல் பாஸ்டனில் அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்த 8 இளம்பெண்களில் 7 பேரின் தாய்மார், கர்ப்பத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மருந்தை எடுத்திருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்த 32 பேரின் தாய்மாரில் ஒருவர்கூட இல்லை. நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, மறதிக்கு வாய்ப்பும் இருந்தது. ஆனாலும் 7-க்கு 0 என்ற வித்தியாசத்தை மறதி மட்டும் உண்டாக்கிவிட முடியாது.

கணக்கால் சரிசெய்ய முடியாதா?

ஓரளவு முடியும். ஆய்வில் சிலரிடம் மட்டும் மருத்துவக் குறிப்பு, ரத்தச் சோதனை என இன்னும் துல்லியமாக அளந்து, கேள்வித்தாள் எவ்வளவு தவறுகிறது என்று கண்டுபிடித்து மொத்தத்துக்கும் பொருத்தலாம். அதுவும் முடியாதபோது, "இவ்வளவு பேர் மறந்திருந்தால் விகிதம் என்னவாகும்" என்று பல அளவுகளில் போட்டுப் பார்க்கலாம், மேலே நாம் போட்டதுபோல. வயது, வருமானம் ஆகியவற்றுக்குச் சரிசெய்துவிட்டோம் என்ற வாக்கியம் இதற்குப் பதிலாகாது. அது குழப்பும் காரணிகளுக்கான, அதாவது தொடர்பு இருப்பதுபோலக் காட்டும் வேறு காரணங்களுக்கான மருந்து, இந்த நோய்க்கு அல்ல.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். பயமுறுத்தும் செய்தி ஒன்றைப் படித்தேன். என்ன பார்ப்பது?

முதலில், அந்தச் செய்தியை வைத்து எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு, நீரிழிவு, மனச்சோர்வு, ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்தை விடுவதே பெரிய ஆபத்தாக முடியலாம். மருத்துவரிடம் கேளுங்கள். செய்தியைப் படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: தாய்மாரிடம் கேட்டது குழந்தை பிறப்பதற்கு முன்பா, பின்பா? டென்மார்க்கின் தேசியப் பிறப்புக் குழு ஆய்வு 1996 முதல் 2002 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் கர்ப்பங்களைச் சேர்த்து, கர்ப்பத்தின்போதே தொலைபேசியில் இரண்டு முறை கேட்டது. குழந்தைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத நேரத்துப் பதில் அது. பின்னால் கேட்டிருந்தால், பதிலைச் சரிபார்க்க வேறு ஏதாவது வைத்திருந்தார்களா என்று பாருங்கள். செய்தியில் இது இரண்டுமே இல்லையென்றால் அதை நம்பி ஓர் இரவுத் தூக்கத்தைக் கூட இழக்க வேண்டாம்.

ஆய்வுக்கு வந்தவர்கள் என்னைக் கேட்கிறார்கள். நினைவில்லாததை என்ன சொல்வது?

"நினைவில்லை" என்றே சொல்லுங்கள். அது முழுமையான பதில். அவர்கள் முகம் வாடுகிறதே என்று உத்தேசமாக ஒரு தேதி கொடுக்க வேண்டாம். மாத்திரை அட்டை, மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, செக்-அப் புத்தகம் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் "இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. "இல்லை" என்று சொல்வதைவிட ஆய்வுக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் பதில் வராத கட்டத்தைப் பதில் வராத கட்டமாகவே கணக்கில் வைக்க முடியும். அறையில் யாராவது இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அப்படியும் அவர்கள் எழுந்து போகவில்லை என்றால், இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுங்கள். ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் கட்டாயம் திரும்பி வருவார்.